திரை உறைந்தால் டிஸ்ப்ளே சர்வரை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் போதுமா?

கேள்வி: ஆகஸ்ட் 4, 2025

உபுண்டு 22.04, 4 ஜிபி ராம், பழைய ஹார்ட் டிஸ்க். லாகின் திரையில் பல்சக்கரத்தைத் தட்டி எக்ஸார்க் தேர்ந்தெடுத்துத்தான் உள்ளே போகிறேன். சாயங்காலமானால் திரை அப்படியே உறைந்து நிற்கிறது. பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைத்துப் போடுகிறேன். என் மாமா பையன் சொல்கிறான்: "முழுசா ரீஸ்டார்ட் பண்ணாதே. டிஸ்ப்ளே சர்வரை மட்டும் ரீஸ்டார்ட் பண்ணு. திறந்து வெச்சதெல்லாம் அப்படியே இருக்கும், திரை மட்டும் புதுசா வரும்." கண்ட்ரோல்+ஆல்ட்+பேக்ஸ்பேஸ் அமுக்கச் சொன்னான். அமுக்கினேன், ஒன்றும் நடக்கவில்லை. வேறு வழி உண்டா?

ஆகஸ்ட் 4, இரவு

மாமா பையன் சொன்னதில் முதல் பாதி சரி. கம்ப்யூட்டரை அணைக்காமல் டிஸ்ப்ளே சர்வரை மட்டும் நிறுத்தி மறுபடி ஓட விடலாம். திறந்து வைத்ததெல்லாம் அப்படியே இருக்கும் என்பதுதான் நடக்காது.

எக்ஸார்க்கின் அடிப்படை எக்ஸ் என்ற திரை முறை. எக்ஸில் சர்வர் என்பது உங்கள் மேசை மேலேயே ஓடுவது. திரை, கீபோர்ட், மவுஸ் மூன்றும் அதன் கையில். ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபீஸ், இங்க்ஸ்கேப் எல்லாம் ஆளுக்கொரு சாக்கெட் வழியாக அதனிடம் வந்து "இங்கே ஒரு கட்டம் போடு, இந்த எழுத்தை வரை" என்று கேட்டு நிற்கிறவை. சர்வர் போனால் அந்த இணைப்பு அறுந்துவிடும். அறுந்தால் என்ன செய்வது என்று எக்ஸ்லிப் நூலகத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்: நிரலை முடித்துவிடு. "சேமிக்கவா?" என்று கேட்கும் பெட்டிகூட வராது. பெட்டியை வரைய வேண்டியவனே போய்விட்டானே.

சாதாரண லாக் அவுட் இதைவிட நல்லது. அதிலாவது ஒரு வார்த்தை கேட்பார்கள்.

வழி வேண்டுமென்றால்: கண்ட்ரோல்+ஆல்ட்+எஃப்3. கறுப்புத் திரையில் லாகின் கேட்கும். பெயர், கடவுச்சொல் (தட்டும்போது நட்சத்திரம்கூடத் தெரியாது, கீபோர்ட் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்). பிறகு:

சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் ஜிடிஎம்3

இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன், அங்கே ஆங்கிலத்தில் தட்டுங்கள். தமிழில் தட்டினால் கட்டளை வாங்கும் பாஷ் கோபித்துக்கொள்ளும்.

ஜிடிஎம்3 என்பது டிஸ்ப்ளே மேனேஜர், லாகின் திரையைக் காட்டி சர்வரைத் தொடங்குவது. அது உபுண்டுவுக்கு. எக்ஸ்எஃப்சிஇ, மின்ட் வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் லைட்டிஎம். கேடிஇ என்றால் எஸ்டிடிஎம். எது ஓடுகிறது என்றே தெரியாவிட்டால் அந்த இடத்தில் டிஸ்ப்ளே-மேனேஜர் என்று தட்டினால் போதும், அது எந்த மேனேஜர் இருக்கிறதோ அதைக் குறிக்கும் பொதுப் பெயர்.

ஆனால் உடனே இதைச் செய்யாதீர்கள். எது உறைந்தது என்று பார்க்காமல் சர்வர் கழுத்தில் கை வைக்கக்கூடாது. நாளைக்கு எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 5, காலை

எது உறைந்தது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் போதும்.

அம்பு நகர்கிறதா? நகர்ந்து, ஆனால் எதைக் கிளிக் செய்தாலும் பதில் இல்லை என்றால் பெரும்பாலும் எக்ஸ் சர்வர் உயிரோடு இருக்கிறது. மாட்டிக்கொண்டது அதன் மேலே இருக்கும் ஏதோ ஒன்று: ஒரு நிரல், அல்லது பேனலையும் மெனுவையும் காட்டும் க்நோம் ஷெல்.

கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். விளக்கு எரிந்து அணைகிறதா? எக்ஸ் ஓடும்போது அந்த விளக்கை ஏற்றி அணைப்பது சர்வர்தான். விளக்கு மாறினால் சர்வர் விழித்திருக்கிறது. அம்பும் நகரவில்லை, விளக்கும் மாறவில்லை என்றால் சர்வரோ, அதற்கும் கீழே கிராபிக்ஸ் டிரைவரோ, லினக்ஸின் அடித்தளமான கர்னலோ மாட்டியிருக்கிறது.

அடுத்தது கண்ட்ரோல்+ஆல்ட்+எஃப்3 வேலை செய்கிறதா என்பது. வேலை செய்தால் நல்ல சேதி. செய்யாவிட்டால் போனிலிருந்து எஸ்எஸ்ஹெச் (இன்னொரு கருவியிலிருந்து கம்ப்யூட்டருக்குள் நுழைந்து கட்டளை தட்டும் வழி) போட்டுப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் டெர்மக்ஸ் என்ற டெர்மினல் செயலி இருந்தால் போதும், அதே வைஃபையில் இருக்க வேண்டும், கம்ப்யூட்டரில் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் சர்வரை முன்கூட்டியே நிறுவியிருக்க வேண்டும். திரை செத்த பிறகு நிறுவ முடியாது. நான் பார்த்துக்கொள்ளும் எல்லா மெஷினிலும் முதல் நாளே அதைப் போட்டுவிடுவேன். கறுப்புத் திரைக்கு முன்னால் வாடிக்கையாளர் முகம் வெளுத்து உட்கார்ந்திருக்க, பக்கத்து நாற்காலியில் போனை நோண்டிக்கொண்டே சரி செய்வதில் ஒரு தனி சுகம் உண்டு. வேலை பார்க்காமல் வாட்ஸ்அப் பார்க்கிறேன் என்று நினைப்பார்கள்.

ஷெல்தான் மாட்டியது, நீங்கள் இருப்பது எக்ஸார்க் அமர்வு என்றால்: ஆல்ட்+எஃப்2, ஒரு பெட்டி வரும், அதில் ஆர் என்ற ஒற்றை எழுத்து, என்டர். ஷெல் மட்டும் மறுபடி தொடங்கும். திறந்த விண்டோ எல்லாம் அங்கேயே இருக்கும். மாமா பையன் கண்டது இதைத்தான் என்று இப்போது படுகிறது. திரை ஒரு கணம் சுருண்டு புதிதாக வரும், எல்லாம் திறந்தபடியே இருக்கும். பார்ப்பவருக்கு டிஸ்ப்ளே சர்வரையே ரீஸ்டார்ட் செய்த மாதிரிதான் தெரியும். ஆனால் எக்ஸைப் பொறுத்தவரை ஷெல்லும் ஃபயர்ஃபாக்ஸ் மாதிரி இன்னொரு வாடிக்கையாளர்தான். அது செத்தால் மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை.

பெட்டியே வராத அளவுக்கு ஷெல் மாட்டியிருந்தால் எஃப்3 பக்கம் போய்: கில்ஆல் -3 க்நோம்-ஷெல். பிறகு கண்ட்ரோல்+ஆல்ட்+எஃப்2. (உபுண்டுவில் லாகின் திரை எஃப்1, உங்கள் டெஸ்க்டாப் எஃப்2. முன்பெல்லாம் எஃப்7. பழைய கட்டுரைகளைப் படித்து எஃப்7 அமுக்கிவிட்டுக் கறுப்பாக இருக்கிறதே என்று பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.)

ஆகஸ்ட் 5, மதியம்

சின்னமன் டெஸ்க்டாப் என்றால் அதை மட்டும் மறுபடி தொடங்க கண்ட்ரோல்+ஆல்ட்+எஸ்கேப். கேடிஇயில் பேனல் மட்டும் போனால் பிளாஸ்மாஷெல் --ரீப்ளேஸ்.

எக்ஸ்எஃப்சிஇயில் ஒரு விசேஷக் கோளாறு. விண்டோ மேனேஜர் செத்தால் எல்லா விண்டோவின் மேல்பட்டையும் காணாமல் போகும். மூடும் பெருக்கல் குறி இல்லை, நகர்த்த முடியாது, புதிதாகத் திறப்பதெல்லாம் இடது மேல் மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாக விழும், கீபோர்ட் எதற்கும் போகாது. பார்த்தவுடன் சர்வர் போச்சு என்றுதான் தோன்றும். போகவில்லை. எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4 --ரீப்ளேஸ் என்று ஒரு வரி, மேல்பட்டைகள் வரிசையாக வந்து ஒட்டிக்கொள்ளும். டிடிபி கடையில் இதைச் செய்து காட்டியபோது அந்த அக்கா "அவ்வளவுதானா?" என்று கேட்டார். அதுவரை தினமும் மெஷினையே அணைத்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

ஆகஸ்ட் 6

கண்ட்ரோல்+ஆல்ட்+பேக்ஸ்பேஸை ஏன் எடுத்தார்கள் என்று இன்னொருவர் கேட்கிறார், கொஞ்சம் கோபமாகவே. எடுக்கவில்லை, மூடி வைத்திருக்கிறார்கள்.

எக்ஸ் 1984இல் எம்ஐடியில் அதீனா திட்டத்தில் பிறந்தது. இன்றும் ஓடும் 11ஆம் பதிப்பு 1987இல் வந்தது. லினக்ஸ் டெஸ்க்டாப்புக்கு வந்த ஆரம்ப நாட்களில் மானிட்டர் அளவுகளை நாமே கோப்பில் எழுதி, தப்பானால் திரை கோடுகோடாக ஓட, இந்த மூன்று சாவியை அமுக்கித் தப்பிப்போம். அன்றைக்கு அது அவசியம். கோப்பையே எழுதத் தேவையில்லாத காலம் வந்ததும் அந்தச் சாவியின் நல்ல குணம் குறைந்து கெட்ட குணம் மட்டும் மிஞ்சியது: கை தவறினால் எல்லாம் காலி. உபுண்டு 9.04இல், அதாவது 2009இல், இயல்பாக அணைத்தே வெளியிட்டார்கள். ஈமேக்ஸ் என்ற எடிட்டரில் எழுதும் ஆட்களுக்கு இதில் பெரிய பங்கு. அவர்கள் கை கண்ட்ரோலிலும் ஆல்டிலுமே வாழ்வது. பேக்ஸ்பேஸும் சேர்ந்தால் எழுதியது மட்டுமல்ல, மொத்த டெஸ்க்டாப்பும் அழியும். ஓப்பன்சூசேக்காரர்கள் அதற்குச் சாமர்த்தியமாக ஒரு வழி செய்தார்கள்: முதல் தடவை அமுக்கினால் பீப் என்று எச்சரிக்கும், உடனே இன்னொரு தடவை அமுக்கினால்தான் கொல்லும். எனக்குப் பிடித்தது அதுதான்.

மறுபடி வேண்டுமென்றால்: செட்எக்ஸ்கேபிமேப் -ஆப்ஷன் டெர்மினேட்:கண்ட்ரோல்_ஆல்ட்_பேக்ஸ்பேஸ் (கடைசிச் சொற்களை சிடிஆர்எல், ஆல்ட், பிகேஎஸ்பி என்று சுருக்கித் தட்ட வேண்டும்). இது அந்த அமர்வோடு போய்விடும். க்நோமில் நிரந்தரமாக வைக்க ட்வீக்ஸ் செயலியில் கீபோர்ட் பகுதியில் கூடுதல் தேர்வுகள் பட்டியலில் இருக்கிறது.

நான் வைக்கவில்லை. ஒரு அச்சகத்தில் வைத்திருந்தார்கள். கல்யாணப் பத்திரிகை, முகூர்த்த சீசன், ஸ்கிரைபஸில் நான்கு பக்கம் முடித்து, பிழை திருத்தும்போது பையன் கை எங்கேயோ பட்டது. ஒரு நொடி கறுப்பு, அடுத்த நொடி லாகின் திரை. பெண் வீட்டார் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். தாய்மாமன் பெயரில் ஒரு எழுத்தைத் திருத்தத்தான் வந்திருந்தார்கள், பாவம்.

ஆகஸ்ட் 6, இரவு

அந்தத் திரையில் ஓடுவதையெல்லாம் கொல்லும் ஆல்ட்+சிஸ்ஆர்க்யூ+கே வேலை செய்யவில்லை என்கிறார்கள். உபுண்டுவில் இயல்பாக வேலை செய்யாது.

கர்னலில் இந்த மந்திரச் சாவிகளுக்கு ஒரு எண் உண்டு. ஒவ்வொரு அதிகாரத்துக்கும் ஒரு மதிப்பு, கூட்டினால் அந்த எண். உபுண்டு தருவது 176. அதாவது 16 (வட்டில் எழுத வேண்டியதை எழுது) + 32 (வட்டைப் படிக்க மட்டும் என்று மாற்று) + 128 (ரீபூட்). கீபோர்டைப் பிடுங்குவதும் கே சாவியும் 4இல் அடங்கும். நிரல்களைக் கொல்வது 64. இரண்டும் அதில் இல்லை. வேண்டுமானால் 244 ஆக்கலாம், ஈடிசி அடைவுக்குள் சிஸ்சிடிஎல்.டி அடைவில் 10-மேஜிக்-சிஸ்ஆர்க்யூ.கான்ஃப் என்ற கோப்பு.

லேப்டாப்பில் பிரின்ட் ஸ்கிரீன் சாவிதான் சிஸ்ஆர்க்யூ, அதற்கும் எஃப்என் வேண்டியிருக்கும். ஆல்டைப் பிடித்தபடி எஃப்என்+பிரின்ட் ஸ்கிரீன், எஃப்எனை மட்டும் விட்டுவிட்டு எழுத்து. விரல் போதாதவர்கள் வீட்டில் யாரையாவது கூப்பிடலாம்.

244 ஆக்குவதற்கு முன் யோசிக்க ஒரு விஷயம். எக்ஸில் திரைப்பூட்டும் ஒரு நிரல்தான். அதைக் கொன்றால் பூட்டு கழன்று டெஸ்க்டாப் அப்படியே தெரியக்கூடும். 64இல் நினைவகம் போதாதபோது கொழுத்த நிரலைக் கொல்லும் எஃப் சாவியும் அடக்கம். அது பூட்டு நிரலையும் அடிக்கலாம். வீட்டு மெஷினில் பரவாயில்லை. நாலு பேர் நடமாடும் இடத்தில் வேண்டாம்.

இதே ஓட்டை, எக்ஸைக் கட்டளையால் தொடங்கும் ஸ்டார்ட்எக்ஸ் பழக்கக்காரர்களுக்கும். கறுப்புத் திரையில் லாகின் செய்து, ஸ்டார்ட்எக்ஸ் போட்டு டெஸ்க்டாப் வந்தபின் திரையைப் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போனால், வருகிறவன் எப்படியாவது எக்ஸைக் கொன்றால் போதும், உங்கள் பெயரில் திறந்த ஷெல் அவன் கையில். எக்ஸெக் ஸ்டார்ட்எக்ஸ் என்று தொடங்குங்கள். எக்ஸ் செத்தால் ஷெல்லும் சேர்ந்து மூடிக்கொள்ளும்.

ஆகஸ்ட் 8

"சர்வரை ரீஸ்டார்ட் செய்தே தீரவேண்டும், ஓடிக்கொண்டிருக்கும் வேலை சாகக்கூடாது, முடியுமா?"

டெர்மினலில் ஓடும் வேலை என்றால் முடியும். டிமக்ஸ் உள்ளே ஓட விடுங்கள். டிமக்ஸ் எக்ஸின் வாடிக்கையாளர் இல்லை. டெர்மினல் விண்டோ சாகும், உள்ளே இருப்பது ஓடும். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. க்நோம் டெர்மினலில் தொடங்கிய டிமக்ஸ், சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி உங்கள் பெயரில் வைத்திருக்கும் மேலாளரின் நிழலில் வாழ்கிறது. உங்கள் கடைசி லாகினும் முடிந்தால் அந்த மேலாளர் கடையைக் கட்டுகிறார், டிமக்ஸும் போகிறது. நீங்கள் எஃப்3இல் லாகின் செய்துதான் ஜிடிஎம்மை ரீஸ்டார்ட் செய்கிறீர்கள் என்றால் அந்த லாகின் தாங்கிப் பிடிக்கும், பிழைத்துக்கொள்ளும். நிச்சயம் வேண்டுமென்றால் லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர் ஒரு தடவை போட்டு வையுங்கள்.

விம் எடிட்டர் பயனர்களுக்குக் கவலை குறைவு. டெர்மினல் அறுந்தால் ஸ்வாப் கோப்பைப் பத்திரப்படுத்திவிட்டுத்தான் சாகும், விம் -ஆர் போட்டு மீட்கலாம். ஈமேக்ஸைப் பின்னணியில் டீமனாக ஓட்டினால் எக்ஸ் செத்தாலும் பிழைக்கும் என்று கனவு காணலாம். ஜிடிகே என்ற விண்டோ வரையும் நூலகத்தைச் சேர்த்துக் கட்டிய ஈமேக்ஸ், எக்ஸ் இணைப்பு திடீரென்று போனால் நான் விழக்கூடும் என்று தொடங்கும்போதே எச்சரிக்கிறது. ஈமேக்ஸ்காரர்களுக்கு இந்த விஷயத்தில் ஏழரை நாட்டுச் சனி.

வரைகலை நிரல் பிழைக்க வேண்டுமென்றால் அதற்கு எக்ஸ்ப்ரா என்று ஒரு நிரல் உண்டு. அச்சு வேலைக்கு அதை வைத்துக்கொள்ளும் அளவுக்கு யாருக்கும் பொறுமை இருந்து நான் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 9

எஃப்3 பக்கம் போனவர் படம் போட்டிருக்கிறார்: "கோப்புப் பெயர் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது, டிஸ்க் கெட்டுவிட்டதா?"

கெடவில்லை. கர்னலின் எழுத்துத் திரைக்குத் தமிழ் தெரியாது. அதன் எழுத்துருவில் அதிகபட்சம் 512 உருவங்கள்தான் அடங்கும், கொம்பு கால்களைச் சேர்த்து அடுக்கும் வித்தையும் அதனிடம் இல்லை. "வரவு செலவு ஜூலை" என்று பெயர் வைத்த கோப்பு அங்கே ஒரு வரிசைக் கட்டங்கள். கோப்பு பத்திரமாக இருக்கிறது.

அங்கிருந்தபடி அதை பென் டிரைவில் நகலெடுக்கத் தமிழில் தட்ட முடியாது. நட்சத்திரக் குறியை வைத்துப் பின்னொட்டால் பிடிக்கலாம், *.ஓடிடி மாதிரி. ஒரே பின்னொட்டில் பல கோப்பு இருந்தால் எல்எஸ் -ஐ போட்டால் ஒவ்வொன்றின் ஐநோடு எண்ணும் வரும். ஃபைண்ட் கட்டளையில் -ஐநம் கொடுத்து அந்த எண்ணால் பிடிக்கலாம். எல்எஸ் -எல்டி, மாற்றிய நேரப்படி அடுக்கும், கடைசியாக வேலை பார்த்த கோப்பு முதலில் நிற்கும். போனிலிருந்து எஸ்எஸ்ஹெச் என்றால் இந்தத் தொல்லை இல்லை, டெர்மக்ஸில் தமிழ் ஏதோ ஒரு மாதிரி தெரியும். கொம்பு தள்ளி நிற்கும், படித்துவிடலாம்.

ஆகஸ்ட் 9, சற்று கழித்து

விண்டோஸ் வைத்திருப்பவருக்கு: விண்டோஸ்+கண்ட்ரோல்+ஷிஃப்ட்+பி. பீப் சத்தம், திரை ஒரு கணம் இமைக்கும், கிராபிக்ஸ் டிரைவர் புதிதாக ஏறும். வேலை போகாது. விஸ்டா காலம் முதல் கிராபிக்ஸ் கார்டு இயல்பாக 2 வினாடி பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் தானாகவே அதை எழுப்பிப் பார்க்கிறது. மாமா பையன் கேட்ட மாதிரியான ரீஸ்டார்ட் அங்கேதான் இருக்கிறது. அவன் விண்டோஸ்காரனா?

ஆகஸ்ட் 12

தமிழ் கீபோர்ட் மாட்டிக்கொண்டால் சர்வரை ரீஸ்டார்ட் செய்கிறேன் என்று ஒருவர். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை. தமிழ் தட்டச்சைக் கவனிப்பது ஐபஸ் என்ற நிரல். டெர்மினலில் ஐபஸ் ரீஸ்டார்ட், முடிந்தது. தமிழ்99 மறுபடி வரும். சில நிரல்களை மட்டும் மூடித் திறக்க வேண்டியிருக்கும்.

புது எழுத்துரு போட்டாலும் அதேதான். எஃப்சி-கேஷ் ஓட்டுங்கள், லிப்ரே ஆபீஸை மூடித் திறங்கள். எழுத்துரு போட்டால் எக்ஸை ரீஸ்டார்ட் செய்யவேண்டும் என்பது எழுத்துருக்களை எக்ஸ் சர்வரே வைத்திருந்த காலத்து வழக்கம். அன்றைக்கும்கூட எக்ஸ்செட் எஃப்பி ரீஹாஷ் போட்டால் போதுமாயிருந்தது.

ஆகஸ்ட் 13

லாகின் வளையம். கடவுச்சொல் சரி, திரை ஒரு நொடி கறுத்து மறுபடி லாகின் திரையே வருகிறது. இதை டிஸ்ப்ளே மேனேஜர் கோளாறு என்று நினைத்து ஜிடிஎம்மைக் கழற்றி லைட்டிஎம் போட்டு, அதுவும் அப்படியே செய்ய, கடைசியில் உபுண்டுவையே புதிதாக நிறுவியவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் என் அண்ணன்.

எஃப்3 போங்கள். முதலில் டிஎஃப் -ஹெச். ஹோம் இருக்கும் பகுதி 100 சதவீதம் என்றால் அதுதான் காரணம். அமர்வு தொடங்கும்போது எழுதவேண்டிய சின்னச் சின்னக் கோப்புகளை எழுத இடமில்லை. சில மெஷின்களில் ஹோமில் உள்ள .எக்ஸ்செஷன்-எரர்ஸ் என்ற ஒரே கோப்பு ஜிபி கணக்கில் ஊதியிருக்கும். ஏதோ ஒரு நிரல் நாள் முழுக்க அதில் புலம்பியிருக்கும்.

இடம் இருக்கிறது என்றால் எல்எஸ் -எல்ஏ. .எக்ஸ்ஆத்தாரிட்டி கோப்பின் உரிமையாளர் ரூட் என்று இருந்தால், யாரோ சூடோ போட்டு ஸ்டார்ட்எக்ஸ் ஓட்டியிருக்கிறார்கள். சிஹெச்ஓன் போட்டு உங்கள் பெயருக்கு மாற்றினால் கதவு திறக்கும்.

ஸ்டார்ட்எக்ஸ் போட்டால் "திரை 0-க்கு ஏற்கெனவே சர்வர் ஓடுகிறது" என்று திட்டினால் டிஎம்பி அடைவில் .எக்ஸ்0-லாக் என்று ஒரு கோப்பு இருக்கிறதா பாருங்கள். உள்ளே ஒரு எண் மட்டும் இருக்கும், அது சர்வரின் பிராசஸ் எண். அந்த எண்ணில் எதுவும் ஓடவில்லை என்று பிஎஸ் போட்டு உறுதி செய்தபின் அழியுங்கள். ஓடுகிறது என்றால் கோப்பு சொல்வது உண்மை, அழிக்காதீர்கள்.

ஆகஸ்ட் 17

கேள்வி கேட்டவர் திரும்ப வந்தார். இந்தத் தடவை உறைந்தபோது அம்பு விட்டுவிட்டு நகர்ந்ததாம், டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்ததாம், எஃப்3 வர வெகுநேரம் பிடித்ததாம். ஜிடிஎம்மை ரீஸ்டார்ட் செய்ததும் "பளிச்சென்று சரியாகிவிட்டது" என்கிறார், மாமா பையன் சொன்னது சரிதான் என்று முடிவும் கட்டிவிட்டார்.

டிஸ்க் விளக்கு என்றதும் எனக்குப் புரிந்தது. உறைந்தது திரையே இல்லை. ராம் தீர்ந்து, கர்னல் நினைவகப் பக்கங்களை ஸ்வாப்புக்கும் (ராம் போதாதபோது டிஸ்கில் பயன்படும் இடம்) ஸ்வாப்பிலிருந்தும் அள்ளிக்கொண்டே இருக்கிறது, வேறு எதற்கும் அதற்கு நேரமில்லை. டிஸ்ப்ளே சர்வரை ரீஸ்டார்ட் செய்ததும் சரியானது ஏனென்றால், அதோடு சேர்ந்து ஃபயர்ஃபாக்ஸும் செத்தது. ராமைப் பிடித்து வைத்திருந்தது அது. சர்வர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

இதற்கு சர்வரைக் கொல்லவேண்டாம். எஃப்3இல் டாப் போட்டு ஷிஃப்ட்+எம் அமுக்கினால் நினைவகம் தின்னும் வரிசையில் அடுக்கும். மேலே ஐசோலேட்டட் வெப் கோ என்று நிறைய வரிகள் தெரியும்; பெயர் 15 எழுத்தோடு அறுந்திருப்பதால் அந்தக் "கோ". அவைதான் தாவல்கள். கில்ஆல் போட்டு இரட்டை மேற்கோளுக்குள் அந்தப் பெயரைக் கொடுங்கள். ஃபயர்ஃபாக்ஸ் இருக்கும், தாவல்கள் மட்டும் விழும், ஒவ்வொன்றிலும் மீட்டெடுக்கும் பொத்தான் தெரியும். லிப்ரே ஆபீஸில் திறந்து வைத்த கணக்கு அப்படியே இருக்கும்.

அவரிடம் கேட்டிருக்கிறேன்: 22.04இல் சிஸ்டம்டி-ஓஓஎம்டி இயல்பாகவே உண்டு, நினைவகம் நெருக்கினால் அதுவே தலையிடவேண்டும். உங்களிடம் ஏன் தலையிடவில்லை?

ஆகஸ்ட் 18

பதில் வந்துவிட்டது. அணைத்து வைத்திருக்கிறார். "அது அடிக்கடி பிரவுசரை மூடியது, ஒரு வீடியோவில் சொன்ன கட்டளையைப் போட்டு நிறுத்திவிட்டேன்."

காவல்காரன் குரைக்கிறான் என்று அனுப்பிவிட்டு, வீட்டில் திருட்டு என்று என்னிடம் வந்திருக்கிறார். அவர் மேல் முழுத் தப்பும் சொல்ல மாட்டேன். 22.04 வந்த புதிதில் ஓஓஎம்டி முன்னறிவிப்பில்லாமல் பிரவுசரை மொத்தமாக மூடுகிறது என்று நிறையப் பேர் புலம்பினார்கள். அது நிரலை ஒற்றையாகப் பார்க்காது, குழுவாகப் பார்க்கும், குழுவோடு தூக்கும்.

அதற்குப் பதிலாக எனக்குப் பிடித்த காவல்காரன் எர்லிஓஓஎம். ஏபிடி இன்ஸ்டால் எர்லிஓஓஎம், அவ்வளவுதான். ராமும் ஸ்வாப்பும் இரண்டும் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் பெரிய பிராசஸ் ஒன்றை மரியாதையாக முடிக்கச் சொல்லும். 5 சதவீதத்துக்குப் போனால் மரியாதை இல்லை. ஃபயர்ஃபாக்ஸ் என்றால் பெரும்பாலும் ஒரு தாவல்தான் விழும்.

4 ஜிபிக்கு இதுவும் தற்காலிகம்தான். அந்த மெஷினில் இன்னொரு 4 ஜிபி குச்சி போட இடம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 12

ஆகஸ்டில் எழுதியதெல்லாம் எக்ஸார்க் அமர்வுக்கு. ஒருவர் உபுண்டு 25.10 போட்டுவிட்டு ஆல்ட்+எஃப்2 ஆர் வேலை செய்யவில்லை என்கிறார். செய்யாது. அதில் க்நோமுக்கு எக்ஸார்க் அமர்வே இல்லை. எக்ஸுக்குப் பதிலாக வந்த வேலாண்டு மட்டும்தான்.

க்நோமின் வேலாண்டில் ஷெல்லும் டிஸ்ப்ளே சர்வரும் ஒன்றே. க்நோம் ஷெல்தான் திரையை வைத்திருக்கிறது, நிரல்கள் நேராக அதனிடம்தான் வருகின்றன. ஆகவே மேலே நான் பிரித்துப் பிரித்துச் சொன்ன ஷெல், சர்வர் என்ற இரண்டு மாடியும் அங்கே ஒரே மாடி. ஷெல்லைக் கொன்றால் எல்லாம் சாகும். எக்ஸ் அமர்வில் ஒரு பேனல் நீட்சி கெட்டால் ஷெல் மட்டும் விழுந்து எழுந்துகொள்ளும், விண்டோக்கள் நிற்கும். இங்கே அந்த நீட்சி மொத்த வேலையையும் இழுத்துக்கொண்டு விழலாம். வேலாண்டை எழுதத் தொடங்கியது 2008இல், ஃபெடோரா 25 அதை இயல்பாக்கியது 2016இல். இத்தனை வருஷத்தில் எத்தனையோ நல்லது நடந்திருக்கிறது, திரைப்பூட்டு உட்பட. இந்த ஒன்றில் மட்டும் எக்ஸ் மேல் எனக்குப் பழைய பாசம்.

கேடிஇக்காரர்கள் இதைத் தீர்க்கப் பார்க்கிறார்கள். கேடிஇயின் டெஸ்க்டாப்பான பிளாஸ்மா 6இல், திரையை வைத்திருக்கும் க்வின் விழுந்து எழுந்தால், க்யூடி 6 என்ற நூலகத்தில் எழுதிய நிரல்கள் காத்திருந்து மறுபடி ஒட்டிக்கொள்ளும். க்யூடி அல்லாதவை பெரும்பாலும் விழும். மாமா பையன் வாக்கு பலிக்கும் ஒரே இடம் லினக்ஸில் இப்போதைக்கு அதுதான், அதுவும் பாதி.

அக்டோபர் 12, இரவு

கேட்டவருக்கு: இல்லை, 25.10இலும் கண்ட்ரோல்+ஆல்ட்+எஃப்3 உண்டு, ஜிடிஎம் ரீஸ்டார்ட்டும் உண்டு. சர்வர் என்ன சொல்லிவிட்டுச் செத்தது என்று பார்க்க எக்ஸார்க் காலத்து லாக் கோப்பைத் தேடாதீர்கள், அங்கே அது இருக்காது. ஜர்னல்சிடிஎல் -பி போட்டு க்நோம்-ஷெல் என்று வடிகட்டுங்கள். மெஷினை அணைத்துப் போட்டுவிட்டீர்கள் என்றால் -பி -1, முந்தைய ஓட்டத்தின் பதிவு வரும். கடைசி இருபது வரியை இங்கே ஒட்டுங்கள், உங்கள் கணினிப் பெயரை அழித்துவிட்டு.